எச்சில் டியூப்ல ஜீன் டெஸ்ட்: காசு கட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்

போன மாசம் மட்டும் மூணு பேர் வாட்ஸ்அப்ல இதையே கேட்டுட்டாங்க. "அண்ணே, இந்த ஜீன் டெஸ்ட் கிட் வாங்கலாமா, ஆஃபர்ல எட்டாயிரத்துக்குப் போட்டிருக்கான்." மூணு பேருக்கும் தனித்தனியா டைப் பண்ணதுல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு விட்டுப்போச்சு, அதான் உக்காந்து முழுசா எழுதிரலாம்னு. நான் டாக்டர் இல்ல, லேப்லயும் வேல பாக்கல. எங்க குடும்பத்துல இந்த டெஸ்டுக்காக ரெண்டு வருஷம் மதுரைக்கும் சென்னைக்குமா அலைஞ்சோம், அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதத்தான் சொல்றேன். வைத்தியம், மாத்திரை முடிவெல்லாம் உங்க டாக்டர்கிட்டதான்.

என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிர்றேன். திருமங்கலத்துல இருக்குற எங்க பெரியம்மாவுக்கு 42 வயசுல மார்புப் புற்றுநோய் வந்துச்சு. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. அவங்க மக, எனக்குத் தங்கச்சி, 29 வயசுல ஒரு கண்காட்சி ஸ்டால்ல போய் எச்சில் குடுத்து ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்தா. 64 பக்க பிடிஎஃப் வந்துச்சு. அதுல ஒரு பக்கத்துல பெரிய பச்சை வட்டம், கீழ "மார்புப் புற்றுநோய்: குறைந்த ரிஸ்க்". வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், பெரியம்மா அழகர்கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடனே முடிச்சிட்டு வந்துட்டாங்க. பச்சை வட்டத்த நம்பி தங்கச்சி ரெண்டு வருஷம் ஒரு செக்கப்புக்கும் போகல. அப்புறம் பெரியம்மாவோட டாக்டர்கிட்ட பேச்சுவாக்குல அந்த ரிப்போர்ட்டக் காட்டுனப்ப அவர் மொதப் பக்கத்தையே பாக்கல, நேரா கடைசிக்குத் தள்ளி 58ஆம் பக்கத்துல நிப்பாட்டினாரு. பொடி எழுத்துல, தேர்ந்தெடுத்த சில மாற்றங்களை மட்டுமே பரிசோதிச்சோம்னு போட்டிருந்துச்சு. "இவங்க அந்த ஜீன முழுசாப் படிக்கவே இல்லம்மா, படிக்காத பாடத்துல பாஸ் போட்டுக் குடுத்திருக்காங்க" அப்டின்னாரு. அந்தக் கம்பெனி பேர சொல்லப் போறதில்ல. அந்தப் பொடி எழுத்த நாங்க காசு கட்டுறதுக்கு முன்னாடியே தேடியிருந்தா ரெண்டு வருஷம் வீணாப் போயிருக்காது, அத எப்டித் தேடுறதுங்கறதுதான் இந்தக் கட்டுரையே.

எதுக்குன்னு ஒரு வரி எழுதுங்க

டெஸ்ட் கிட்டு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க: "எனக்கு இது தெரிஞ்சா நான் என்ன மாத்துவேன்?" ஒண்ணும் மாத்தப் போறதில்லன்னா காச வேற எதுக்காச்சும் வச்சுக்கோங்க. சர்க்கரை வருமான்னு பாக்க ஜீன் டெஸ்ட் எடுக்குறவங்கதான் நான் பாத்ததுல அதிகம். உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு டெஸ்ட் இல்லாமலே தெரியும், இப்ப இருக்கான்னு தெரிஞ்சுக்க ஹெச்பிஏ1சி இருக்கு, தெருமுனை லேப்லயே சில நூறு ரூபாய்ல முடிஞ்சிரும். தலசீமியாங்கற பரம்பரை ரத்த வியாதிக்கு கேரியரான்னு (தனக்கு வியாதி இல்லாம கொழந்தைக்குக் கடத்தக்கூடிய ஆளான்னு) பாக்கறதும் அப்டித்தான், மொதல்ல சாதாரண ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் வகை பிரிச்சுப் பாக்குற டெஸ்டும் போதும், அதுல சந்தேகம் வந்தாத்தான் ஜீன் வரைக்கும் போகணும்.

எந்த நேரத்துல ஜீன் டெஸ்ட் உண்மையிலேயே பிரயோசனம்னா, குடும்பத்துல சின்ன வயசுலயே மார்பு, கர்ப்பப்பை பக்கத்துல இருக்குற சினைப்பை, குடல் இதுலல்லாம் புற்றுநோய் வந்திருந்தா, சின்ன வயசுல திடீர்னு இதயம் நின்னு யாராச்சும் போயிருந்தா, ஒரே வியாதியில ரெண்டு கொழந்தைக பாதிச்சிருந்தா. சின்னக் கொழந்தைகளுக்குக் கண்ணுல வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாங்கற புற்றுநோய் மாதிரி சில வியாதியில ஆர்பி1ங்கற ஜீனப் பாத்தாத்தான் அடுத்த கொழந்தைக்கும் வருமா, எப்பப்ப கண்ண செக் பண்ணணும்னு முடிவெடுக்க முடியும். இதெல்லாம் டாக்டர் எழுதிக் குடுத்து எடுக்குற டெஸ்ட், ஆன்லைன்ல ஆஃபர்ல வர்ற கிட் இல்ல.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு கட்டாயம் சொல்லணும். தாய்மாமன கட்டுறது, அத்த மகன், மாமா மகளக் கட்டுறது நம்ம பக்கம் சாதாரணம். நான் அத வைய்ய வரல, எங்க வீட்லயே ரெண்டு ஜோடி இருக்கு. ஆனா ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும்: மாமாவும் அக்கா மகளும் சராசரியா நாலுல ஒரு பங்கு ஜீன பகிர்ந்துக்கறாங்க, அத்த மகன் மாமா மக எட்டுல ஒரு பங்கு. ரெண்டு பேருமே ஒரே வியாதிக்கு கேரியரா இருந்தா ரெண்டு பேருக்கும் வெளியில எதுவும் தெரியாது, ஆனா ஒவ்வொரு பிரசவத்துலயும் கொழந்தைக்கு வியாதி வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு. சொந்தத்துல கல்யாணம் பேசிட்டு இருந்தா, இல்ல கொழந்தைக்குத் திட்டம் போடுறீங்கன்னா, "கேரியர் ஸ்க்ரீனிங்" பத்தி ஒரு ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட (ஜீன் டெஸ்ட் தேவையா, முடிவுக்கு என்ன அர்த்தம்னு விளக்குற நிபுணர்) பேசுங்க. இதுக்குச் செலவழிக்கிற காசு, தலைமுடி எப்ப கொட்டும்னு சொல்ற கிட்டுக்குச் செலவழிக்கிறத விட ஆயிரம் மடங்கு நல்லது. (ஸ்கூல்ல விரல் ரேகை எடுத்து "பொறவித் திறமை" சொல்றாங்களே, அதுக்கும் ஜீனுக்கும் சம்பந்தமே இல்ல, அத இதோட போட்டுக் கொழப்பிக்காதீங்க.)

மொதல்ல யாருக்கு எடுக்கணும்

நாங்க பண்ண பெரிய தப்பு இதுதான். வியாதி வந்தவங்கள விட்டுட்டு வராதவளுக்கு எடுத்தோம். குடும்பத்துல யாருக்கு வியாதி வந்துச்சோ அவங்களுக்குத்தான் மொதல்ல முழு டெஸ்ட். அவங்ககிட்ட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா, மத்தவங்களுக்கு அந்த ஒரே ஒரு எடத்த மட்டும் பாத்தாப் போதும். செலவு நாலுல ஒரு பங்கா கொறஞ்சிரும், பதிலும் தெளிவா இருக்கு இல்லன்னு வரும்.

பெரியம்மா லேசுல ஒத்துக்கல. "எனக்கு வந்தது பத்தாதாப்பா, என் புள்ளைக்கும் வரும்னு எழுதி வாங்கப் போறியா" அப்டின்னு அடுப்படியில நின்னுக்கிட்டே கேட்டாங்க, கையில கரண்டி, கண்ணெல்லாம் தண்ணி. என்கிட்ட பதில் இல்ல. தங்கச்சிதான் "அம்மா, வரும்னு இல்லம்மா, வந்தா மொதல்லயே புடிக்கறதுக்கு" அப்டின்னா. அடுத்த வாரம் ரத்தம் குடுத்தாங்க. பிஆர்சிஏ1 ஜீன்ல வியாதி உண்டாக்குற மாற்றம் இருந்துச்சு. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டுல ஒரு வாய்ப்பு, ஆணா பொண்ணாங்கற கணக்கே கெடையாது. தங்கச்சிக்கு இருந்துச்சு. கூடப் பொறந்த எங்கம்மாவுக்கு இல்ல, அதனால எனக்கும் என் அக்காவுக்கும் அந்த டெஸ்டே தேவப்படல. பிஆர்சிஏ1 மாற்றம் இருக்குற பொம்பளைகள்ல நூத்துக்கு அறுபதுக்கு மேல வாழ்நாள்ல மார்புப் புற்றுநோய் வருதுன்னு கணக்கு இருக்கு. தங்கச்சி இப்ப வருஷா வருஷம் எம்ஆர்ஐ போறா.

எத்தன எழுத்து படிக்கிறாங்கன்னு கேளுங்க

இதுதான் முக்கியமான எடம், கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நம்ம டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. விலை கம்மியான கிட்டுல பெரும்பாலும் சிப்ல வச்சுப் பாக்குற மொறை, முன்கூட்டியே குறிச்சு வச்ச சில லட்சம் எழுத்த மட்டும் பாக்கும். மாசி வீதியில நாலு வீட்டுக் கதவத் தட்டிட்டு மதுரைல யாரும் காய்ச்சல்ல படுக்கலன்னு சொன்னா எப்டி இருக்கும், அப்டித்தான் அந்தப் பச்சை வட்டம். அடுத்தது பேனல் டெஸ்ட், குறிப்பிட்ட சில ஜீன்கள ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் படிக்கும். அதுக்கு மேல எக்ஸோம், புரதம் செய்ற பகுதிகள் எல்லாத்தையும் படிக்கும், அது மொத்த டிஎன்ஏல ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், ஆனா தெரிஞ்ச வியாதி மாற்றங்கள்ல பெரும்பகுதி அங்கதான் இருக்கு. கடைசியா முழு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவையும் படிக்கிறது.

அமெரிக்காவுல எச்சில் கிட் விக்கிற 23அண்ட்மீங்கற கம்பெனி கதையப் பாத்தா வெளிப்படைத்தன்மைன்னா என்னன்னு புரியும். 2013 நவம்பர்ல அங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நிரூபிக்காம ஹெல்த் ரிப்போர்ட் விக்காதேன்னு அவங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. அப்புறம் படிப்படியா அனுமதி குடுத்தாங்க, 2018ல பிஆர்சிஏ ரிப்போர்ட்டுக்கும் குடுத்தாங்க, ஆனா மூணே மூணு மாற்றத்துக்கு, அதுவும் அஷ்கெனாசிங்கற ஒரு யூதப் பிரிவுக்காரங்ககிட்ட அதிகமா இருக்குற மூணு. இந்த ஜீன்கள்ல தெரிஞ்ச மாற்றம் ஆயிரத்துக்கு மேல, அதுனால இல்லன்னு வந்தா ரிஸ்க் இல்லன்னு அர்த்தம் ஆகாதுன்னு எஃப்டிஏவே தெளிவாச் சொல்லிச்சு. நம்ம நாட்டுல ஆன்லைன்ல நேரா விக்கிற ஜீன் டெஸ்டுக்குன்னு இப்டி ஒவ்வொண்ணா பாத்து அனுமதி குடுக்குற தனிச் சட்டம் கெடையாது. லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களோட தரத்தச் சோதிச்சு சான்று குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் இருக்கலாம், அது நல்லது, கட்டாயம் கேளுங்க, ஆனா அது லேப் வேலைய ஒழுங்காப் பண்ணுதாங்கறதுக்கு. "உங்களுக்கு மாரடைப்பு ரிஸ்க் 1.7 மடங்கு"ன்னு ரிப்போர்ட்டுல எழுதுறானே, அந்தக் கணக்கு சரியான்னு அது சொல்லாது.

அந்தக் கணக்கு யார வச்சுப் போட்டதுன்னும் கேக்கணும். 2019 வாக்குல எடுத்த கணக்குல, ஜீனையும் வியாதியையும் பொருத்திப் பாக்குற பெரிய ஆய்வுகள்ல கலந்துக்கிட்டவங்கள்ல சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி. அந்த ரிஸ்க் கணக்க அப்படியே உசிலம்பட்டிக்காரருக்குப் போட்டா பொருந்துமா? ஓரளவுக்குத்தான். இங்க ஒரு நல்ல உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. இதயத் தசையில வேல செய்ற எம்ஒய்பிபிசி3ங்கற ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்துல சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கு, மத்த எடத்துல அபூர்வம். 2009ல நேச்சர் ஜெனடிக்ஸ் இதழ்ல வந்துச்சு, ஹைதராபாத்துல இருக்குற சிசிஎம்பிங்கற ஆராய்ச்சி நிறுவனத்தோட சேந்து நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் பண்ண வேல அது. இதயத் தசை பலவீனத்தோட அதுக்குத் தொடர்பு இருக்கு, அதே சமயம் அந்த மாற்றம் இருந்தும் வயசான காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாதவங்க ஏராளம். அதனால கிட் விக்கிறவங்ககிட்ட "இந்த மாற்றத்தப் பாக்கறீங்களா, இருந்தா என்னன்னு எழுதுவீங்க"ன்னு ஒரு கேள்வி போட்டுப் பாருங்க, பதில் சொல்ற விதத்துலயே நம்ம ஆளுகள மனசுல வச்சு டெஸ்ட் பண்ணாங்களான்னு தெரிஞ்சிரும். 83 சமூகக் குழுக்கள்ல இருந்து 10,000 பேரோட முழு ஜீனோமப் படிச்ச ஜீனோம் இந்தியாங்கற அரசுத் திட்டத்தோட தரவ 2025 ஜனவரியிலதான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க, இனிமேத்தான் நமக்கான கணக்கு நல்லா வரும்.

விலைங்கறது கிட் மேல ஒட்டுன நம்பர் மட்டும் இல்ல

நாங்க விசாரிச்சப்ப கெடச்ச விலைகளச் சொல்றேன், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாசத்துக்கு மாசமும் மாறும், அதனால தோராயமாத்தான் எடுத்துக்கோங்க. எச்சில் கிட்டு ஆறாயிரத்துல இருந்து பதினஞ்சாயிரம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ரெண்டு ஜீனையும் முழுசாப் படிக்க பன்னண்டாயிரத்துல இருந்து இருபத்தஞ்சாயிரம். குடும்பத்துல தெரிஞ்ச ஒரே எடத்தப் பாக்க மூவாயிரத்துல இருந்து ஆறாயிரம். இதுலயே பாருங்க, தங்கச்சி கிட்டுக்குக் கட்டுன காசுல பாதிக்கும் கம்மியாதான் அவளுக்கு உண்மையான பதில் கெடச்சிருக்கு.

பில்லுல தெரியாத செலவு நாலஞ்சு இருக்கு. கவுன்சிலிங் சேந்ததா தனியான்னு கேளுங்க, சில எடத்துல அரைமணி நேரத்துக்குத் தனி ஃபீஸ். ரிப்போர்ட்ட தொறந்ததும் பாதிக்குப் பூட்டு போட்டு வச்சிருப்பாங்க, "இதயம் பகுதிய பாக்க இன்னொரு ரெண்டாயிரம்"னு வரும், சில பேர் வருஷ சந்தா கேப்பாங்க. சாம்பிள் கெட்டுப்போனா மறுபடி எடுக்கறதுக்கு யார் காசுன்னு கேளுங்க. ரிப்போர்ட்டுல செகப்பா ஒண்ணு வந்துச்சுன்னா அத ஆஸ்பத்திரி தர லேப்ல மறுபடி உறுதி பண்ணணும், அது தனிச் செலவு. இது ஏன் கட்டாயம்னா, 2018ல வந்த ஒரு ஆய்வுல, ஜனங்க கிட் கம்பெனிகிட்ட இருந்து டவுன்லோட் பண்ண ரா டேட்டாவுல (விளக்கம் எதுவும் இல்லாத மூல ஃபைல்) இருந்த மாற்றங்கள 49 பேர்கிட்ட மறுபடி லேப்ல பாத்தாங்க, அதுல 40 சதவீதம் மாற்றம் இல்லவே இல்லன்னு தெரிஞ்சுச்சு. ரா டேட்டாவ வாங்கி ஐநூறு ஆயிரத்துக்கு வேற வெப்சைட்ல போட்டு வியாதி தேடுறவங்க இத மனசுல வைங்க.

அதுக்கு மேல அலைச்சல் செலவு. டெஸ்ட் பயங்காட்டிவிட்டுச்சுன்னா ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், லீவு போட்டு சென்னைக்கோ வேலூருக்கோ போயிட்டு வர்றது, ரெண்டு ராத்திரி ரூம். எங்களுக்கு டெஸ்ட விட இதுக்குத்தான் கூட ஆச்சு. முடிஞ்ச வரைக்கும் கவுன்சிலர்கிட்ட வீடியோ கால்ல பேசுங்க, ரத்தம் எடுக்கறதுக்கு மதுரையிலயே கலெக்ஷன் சென்டர் இருக்கு, பெங்களூரு ஹைதராபாத்துக்கு அவங்களே அனுப்பிருவாங்க.

காசு கட்டுறதுக்கு முன்னாடி இந்த மெசேஜ அனுப்புங்க

ஃபோன்ல கேக்காதீங்க, ஃபோன்ல எல்லாமே "எஸ் சார்"தான். ஈமெயில்ல, இல்லாட்டி வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க. நாங்க ரெண்டாவது தடவ அனுப்புனது கிட்டத்தட்ட இது, காப்பி பண்ணிக்கோங்க:

"வணக்கம். உங்க டெஸ்ட் எடுக்குற யோசனையில இருக்கேன். ஒண்ணு, இந்த வியாதிக்கு எந்தெந்த ஜீன், ஒவ்வொண்ணுலயும் முழுசாப் படிக்கிறீங்களா இல்ல தேர்ந்தெடுத்த மாற்றங்களா, எத்தன மாற்றம். ரெண்டு, எதப் பாக்க மாட்டீங்க. மூணு, எந்த லேப்ல பண்றீங்க, என்ஏபிஎல் சான்றிதழ் இருக்கா, அதுல இந்த டெஸ்ட் இருக்கா. நாலு, வரி, கவுன்சிலிங், மறு சாம்பிள் எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவு, பின்னாடி எதாச்சும் கேப்பீங்களா. அஞ்சு, மாதிரி ரிப்போர்ட் ஒண்ணு முழுசா அனுப்புங்க. ஆறு, என் சாம்பிளும் டேட்டாவும் எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க, யாருக்குக் குடுப்பீங்க, அழிக்கச் சொன்னா எத்தன நாள்ல அழிப்பீங்க."

நாங்க நாலு எடத்துக்கு அனுப்புனோம். ஒரு எடத்துல இருந்து அன்னிக்கு சாயங்காலமே ஆறுக்கும் பதில் வந்துச்சு, பாக்காத மாற்றங்க என்னென்னங்கறதும் சேத்து. ரெண்டு எடம் டிஸ்கவுண்ட் கூப்பன் அனுப்பிச்சு. ஒண்ணு பதிலே இல்ல. யாருகிட்ட பெரியம்மா டெஸ்ட் எடுத்தாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

மாதிரி ரிப்போர்ட் வந்ததும் பின்னாடி இருந்து படிங்க. கடைசி அஞ்சாறு பக்கத்துல "வரம்புகள்"னு ஒரு பகுதி இருக்கும், உண்மையெல்லாம் அங்கதான். அந்தப் பகுதியே இல்லாத ரிப்போர்ட்ட நான் நம்ப மாட்டேன்.

கையெழுத்துப் போடுற எடம்

சம்மதப் படிவத்துல பொதுவா மூணு நாலு விஷயத்த ஒரே டிக்ல கேப்பாங்க: டெஸ்ட் பண்றதுக்கு, ஆராய்ச்சிக்குக் குடுக்கறதுக்கு, மத்த கம்பெனியோட பகிர்றதுக்கு, மீதி எச்சில சேமிச்சு வைக்கறதுக்கு. இது நாலும் தனித்தனி. டெஸ்டுக்கு மட்டும் சம்மதம், மத்ததுக்கு இல்லன்னு சொல்ல வழி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்தக் கம்பெனிய விட்டுருங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல குடுத்த சம்மதத்தத் திரும்ப வாங்கிக்கிறதும் தரவ அழிக்கச் சொல்றதும் நம்ம உரிமைன்னு இருக்கு.

பாஸ்வேர்டு கிரெடிட் கார்டு திருடு போனா மாத்திக்கலாம், ஜீன மாத்த முடியாது, அதோட அது நம்ம ஒருத்தரோடது மட்டும் இல்ல, அக்கா தங்கச்சி, புள்ள குட்டிக எல்லாரோடதும். 23அண்ட்மீயில 2023ல தரவுத் திருட்டு நடந்து சுமார் 69 லட்சம் பேர் விவரம் வெளிய போச்சு, வேற வெப்சைட்ல திருடுன பாஸ்வேர்ட வச்சே உள்ள போயிட்டாங்க. 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால்னு மனு போட்டுச்சு, ஒன்றரைக் கோடி பேரோட தரவு யார் கைக்குப் போகும்னு பெரிய பேச்சா இருந்துச்சு, கடைசியில அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட லாபநோக்கமில்லாத அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த நெலம. அதனால ரிப்போர்ட் கைக்கு வந்து டாக்டர்கிட்ட காட்டி முடிச்சதும், ரா டேட்டாவ டவுன்லோட் பண்ணி ஒரு பென்டிரைவ்ல வச்சுக்கிட்டு, சாம்பிளையும் டேட்டாவையும் அழிக்கச் சொல்லி ரெண்டு தனி மெயில் போடுங்க. ஒண்ண அழிச்சா இன்னொண்ணு தானா அழியாது. வேற எடத்துல போட்ட பாஸ்வேர்ட இங்க போடாதீங்க.

இன்சூரன்ஸ் பத்தி கேப்பீங்க. ஜீன் டெஸ்ட் முடிவ வச்சுப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு அமெரிக்காவுல 2008லயே தனிச் சட்டம் வந்துச்சு, இங்க அப்டித் தனிச் சட்டம் இல்ல. பரம்பரை வியாதின்னு பொதுவா ஒரு விலக்கு போட்டு கிளைம மறுக்கறது பாகுபாடுன்னு டெல்லி ஹைகோர்ட் 2018ல சொல்லிச்சு, அதே வருஷம் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐயும் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் காரணம் சொல்லி கிளைம மறுக்காதீங்கன்னு உத்தரவு போட்டுச்சு. என் யோசனை, நல்ல பாலிசி எடுத்து வச்சுட்டு டெஸ்டுக்குப் போங்க. படிவத்துல கேட்ட கேள்விக்குப் பொய் மட்டும் எழுதாதீங்க, பின்னாடி கிளைம் வர்றப்ப குடும்பம்தான் கஷ்டப்படும்.

சாம்பிள் குடுக்குற அன்னிக்கு

எச்சில்னா அரைமணி நேரத்துக்கு முன்னாடி சாப்பாடு, காபி, வெத்தல, பல்லு தேய்க்கறது எதுவும் கூடாது. கோடு வரைக்கும் எச்சில் நெறையணும், நுரைய கணக்குல சேக்காதீங்க, மூடியில இருக்குற திரவம் உள்ள எறங்குற வரைக்கும் மூடி நல்லாக் குலுக்கணும். டியூப்ல பேர், பார்கோடு சரியான்னு ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. ஒரே வீட்ல ரெண்டு பேர் எடுத்தா ஒருத்தர் முடிச்சு பாக்கெட்ட ஒட்டின பொறவு அடுத்தவர், மாறிப்போனா எல்லாமே தலகீழ்.

கர்ப்பமா இருக்குறப்ப தாயோட ரத்தத்துல கொழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமான்னு பாக்குறாங்களே, அது வேற. அது சந்தேகம் சொல்ற டெஸ்ட், உறுதி சொல்ற டெஸ்ட் இல்ல. அதுல ஆணா பொண்ணான்னு கேக்காதீங்க, 1994 சட்டப்படி சொல்றதும் குத்தம் கேக்கறதும் குத்தம்.

ரிப்போர்ட் வந்ததும்

தனியா ராத்திரியில தொறக்காதீங்க, இத அனுபவத்துல சொல்றேன். கவுன்சிலர் நேரத்த மொதல்லயே வாங்கி வச்சுக்கிட்டு அவங்க கூடவே தொறங்க.

மருத்துவ லேப் ரிப்போர்ட்டுல ஒவ்வொரு மாற்றத்தையும் அஞ்சு வகையில ஒண்ணாப் போடுவாங்க: வியாதி தரும், அனேகமா தரும், அர்த்தம் உறுதியில்ல, அனேகமா தராது, தராது. நடுவுல இருக்குறதுதான் ஆள கொல்லும். இங்கிலீஷ்ல சுருக்கமா "வியுஎஸ்" (VUS)னு எழுதியிருப்பாங்க. அதப் பாத்து யாரும் ஆபரேஷனுக்குப் போகக் கூடாது, அது இன்னும் தீர்ப்பு வராத கேஸ். வருஷம் போகப் போக வகை மாறலாம், பெரும்பாலும் ஒண்ணுமில்லங்கற பக்கம்தான் மாறுது. வகை மாறினா எங்களுக்குச் சொல்வீங்களான்னு லேப்ல கேட்டு வைங்க.

"மடங்கு" கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க. ஒரு வியாதி ஆயிரத்துல ரெண்டு பேருக்கு வர்றதுன்னு வைங்க, உங்களுக்கு ஒன்றரை மடங்குன்னா ஆயிரத்துல மூணு பேர், மீதி 997 பேருக்கு வரல. "மடங்கு வேண்டாம், என் வயசுல நூறு பேர்ல எத்தன பேருக்கு"ன்னு கேளுங்க.

மருந்து சம்பந்தமா வர்ற பகுதி சில சமயம் உண்மையிலேயே உதவும். உதாரணத்துக்கு ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் கட்டாம இருக்கச் சாப்புடுற க்ளோபிடோக்ரெல் மாத்திரை, சிஒய்பி2சி19ங்கற ஜீன் சரியா வேல செய்யாதவங்களுக்கு அந்த மாத்திரை பலன் கொறையும்னு 2010லயே எஃப்டிஏ கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டுச்சு. நம்ம ஆளுகள்லயும் அந்த மாற்றம் நெறையப் பேருக்கு இருக்கு. ஆனா ரிப்போர்ட்டப் பாத்துட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திறாதீங்க, ஸ்டென்ட் அடைச்சுக்கும், இதய டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.

சொன்னது ஒண்ணு குடுத்தது ஒண்ணுன்னா விடாதீங்க. மெசேஜ், பில், விளம்பரத்து ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க, அங்க முடியலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருள் சேவைக்கு மனுக் கட்டணமே இல்ல. நாங்க கிட் கம்பெனிக்கு எழுதி, மூணு மாசம் இழுத்து, பாதிக் காசு திரும்பி வந்துச்சு. அதுவும் கண்காட்சியில குடுத்த நோட்டீஸ தங்கச்சி தூக்கிப் போடாம வச்சிருந்ததால.

கடைசியா ஒரு வேல பாக்கி இருக்கும், ரிப்போர்ட்ட பீரோவுல வச்சுப் பூட்டிராதீங்க. அதுல ஜீன் பேரும் மாற்றமும் எழுத்தும் எண்ணுமா ஒரே ஒரு வரி இருக்கும், சொந்தக்காரங்க கம்மி செலவுல டெஸ்ட் எடுக்க அந்த வரிதான் சாவி. பெரியம்மாகிட்ட கேட்டுக்கிட்டு, அவங்க சரின்ன பொறவுதான், அந்தப் பக்கத்த எட்டு ஜெராக்ஸ் எடுத்து எட்டு வீட்டுக்கும் குடுத்தோம். எங்க மாமா, அம்மாவோட தம்பி, "மார்புல வர்றதுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்"னு ஆறு மாசம் தட்டிக் கழிச்சாரு. அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. பெரியம்மாவே பஸ் ஏறி மேலூர் போய் அவர்கிட்ட உக்காந்து பேசிட்டு வந்தாங்க. போன வாரம் மாமா ரத்தம் குடுத்துட்டாரு, ரிப்போர்ட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.